இரண்டாவது ஸ்பீக்கர்

ஈப்போவில் லாரி ஓட்டும் என் கணவருக்குக் காரில் பாட்டு அதிர வேண்டும். ஆம்ப்ளிஃபயரில் ஏற்கெனவே இருந்த, நான்கு ஓம் மின்தடை கொண்ட ஸ்பீக்கரோடு அதே மாதிரி இன்னொன்றை அவரே இணைத்தார். சத்தம் கூடியது. ஆனால் ஃபியூஸ் அடிக்கடி எரிந்தது.

"பெரிய ஃபியூஸ் போட்டா சரியாயிடும்லா," என்று அதையும் மாற்றினார்.

அடுத்த வாரம் லூமுட்டுக்குப் போகும் வழியில், பின்சீட்டிலிருந்த மகள், "அம்மா, கால் சுடுது," என்று அழுதாள். முன்சீட்டுக்கு அடியிலிருந்த ஆம்ப்ளிஃபயர் புகைந்துகொண்டிருந்தது. அவர் காரை நிறுத்தியதும் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எங்கள் கண்முன்னே கார் முழுக்க எரிந்தது.

பிறகு ஸ்பீக்கர் கடைக்காரரிடம் கேட்டோம். "அண்ணே, ஒரே முனையில ரெண்டையும் கொடுத்தா மின்தடை பாதியாகி ரெண்டு ஓமாயிடும். கரண்ட் அதிகமா இழுக்கும், பவரும் ஏறும். உங்க ஆம்ப் நாலு ஓமுக்குக் கீழ தாங்காது. அதான் ஃபியூஸ் எரிஞ்சிருக்கு. பெரிய ஃபியூஸ் போட்டதும் அது எரியாம, ஆம்ப் சூடாகித் தீப்பிடிச்சிருச்சு," என்றார்.

மகளின் பாதத்தில் தழும்பு இருக்கிறது. இப்போதெல்லாம் ஃபியூஸ் எரிந்தால், காரணம் தெரியாமல் வண்டியை எடுக்க நான் விடுவதில்லை. பிறகு வாங்கிய பழைய காரில் ரேடியோ மட்டும்தான் இருக்கிறது. அதையும் அவர் போடுவதில்லை.