வெள்ளித்தாள் சுற்றிய ஃப்யூஸ்

பழுது எங்கே என்று தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் வெறும் கைவேலை என்று ஒருவர் முப்பது ஆண்டுகள் நம்பி வாழ்கிறார். ஒருநாள் பழுது இருக்கும் இடம் அவருக்குத் துல்லியமாகத் தெரிகிறது. கை செய்வதற்குத்தான் எதுவும் இல்லை. அதற்குப் பிறகு அந்த நம்பிக்கையை அவர் எங்கே வைப்பார்?

அவரை எல்லோரும் ஒற்றைக்கை என்றுதான் அழைத்தார்கள். இரண்டு கைகளும் நன்றாகவே இருந்தன. மின்சாரம் ஓடும் பெட்டிக்குள் வேலை செய்யும்போது இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் செருகிக்கொள்வார். இரண்டு கையும் உள்ளே போனால், ஒன்றில் ஏறுவது நெஞ்சைக் கடந்து மற்றதில் இறங்கும் என்பது காரணம். பெயரைக் கேள்விப்பட்டு முதல்முறை வருகிறவர்கள் அவரிடமே வந்து, "ஒத்தக்கைக்காரர் இருக்காரா?" என்பார்கள். "அவர் வெளிய போயிருக்கார். ரெண்டு கையோட நான் இருக்கேன், பரவால்லியா?" என்பார்.

மேதை என்று அவரைச் சொல்ல மாட்டேன். அவரைவிட வேகமாகப் பழுது கண்டுபிடிப்பவர் அதே தெருவில் இருவர் இருந்தார்கள். அவரிடம் இருந்தது ஒழுங்கு. வீட்டின் முன்னறைதான் பட்டறை. மேசையில் ரப்பர் விரிப்பு, ஒரு குண்டு பல்பு பொருத்திய சோதனைப் பலகை, நூல் கட்டிய மூக்குக்கண்ணாடி. சுவரில் ஓர் அட்டை: 'ஃப்யூஸில் வெள்ளித்தாள் சுற்றுகிறவர்கள் வேறு கடை பார்க்கவும்.' எரிந்துபோன ஃப்யூஸின் மேல் சிகரெட் டப்பாவின் வெள்ளித்தாளைச் சுற்றினால் பெட்டி ஓடும். அடுத்த கோளாறு வரும்போது காப்பாற்ற ஒன்றும் இருக்காது. அப்படிக் கொண்டுவருகிறவர்களை அவர் திட்டுவதைக் கேட்பதற்கென்றே பக்கத்துத் தையல்காரர் மிஷினை நிறுத்துவார்.

ஒரு வியாழக்கிழமை அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி, தன் ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். கிட்டாரின் ஓசையைப் பெரிதாக்கும் பழைய பெட்டி. உள்ளே விரல் உயரத்தில் கண்ணாடி வால்வுகள். ஆறு ஆண்டுகளுக்கு முன் வேன் கதவில் இடது கையின் இரண்டு விரல்கள் நசுங்கியதிலிருந்து அவன் வாசிக்கவில்லை. டைல்ஸ் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். சனிக்கிழமை மாலை பழைய குழு ஒரே ஒரு தடவை கூடுவதாக இருந்தது. மூன்று பாட்டுக்கு வருகிறேன் என்று அவனும் ஒப்புக்கொண்டிருந்தான்.

"நேத்து சுவிட்சப் போட்டேன் மாமா. சிவப்பு லைட்டு எரிஞ்சுது. சரி, வால்வு சூடாகட்டும்னு தண்ணி குடிக்கப் போனேன். வந்து பாத்தா லைட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. தீஞ்ச வாசனை மட்டும்."

அவன் கை கழுவப் போனபோது மனைவி முன்னறைக்கு வந்து குரலைத் தாழ்த்தினாள். "ஏங்க, அவன் நழுவுறதுக்கு வழி தேடிட்டு இருக்கான். இந்தத் தடவ விட்டா இனிமே கிட்டாரத் தொட மாட்டான். நீங்க வழி விட்டுடாதீங்க."

"ஆம்ப் செத்துப்போச்சுன்னா நான் என்னடி பண்றது?"

"சாகல. உங்ககிட்டதான வந்திருக்கு."

அவர் வழக்கமான வரிசையில் தொடங்கினார். சுவர் ப்ளக்கில் மேசை விளக்கைச் செருகிப் பார்த்தார், எரிந்தது. ஒயரை மீட்டரில் வைத்தார், கோளாறு இல்லை. சுவிட்சும் சரி. பிறகு பின்பக்கம் ஃப்யூஸ் மூடியைத் திருகி எடுத்தார். வெள்ளையாக ஏதோ மினுங்கியது.

"எந்தப் புண்ணியவான் பாத்த வேலடா இது!" தையல் மிஷின் நின்றது. "கழுத்தப் புடிச்சுத் தள்ளணும் அவன. வெள்ளித்தாளு! சுவத்துல எழுதி வெச்சிருக்கேன், படிக்கத் தெரியாதா?"

மைத்துனன் வாய்விட்டுச் சிரித்தான். "உள்ள போயி கண்ணாடியப் பாருங்க மாமா. மண்டபத்துல, கடைசிக் கச்சேரி. ரெண்டாவது பாட்டுல நின்னுடுச்சு, உங்களத்தான் மேடைக்கு இழுத்துட்டு வந்தாங்க. 'நாளைக்கு மறக்காம மாத்திடலாம் மாப்ள'ன்னு சொன்னீங்க."

ஒற்றைக்கை அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்தார். முனையை வலப்பக்கமாக முறுக்கி, வால் போல விட்டிருந்தது. அவர் எதையும் அப்படித்தான் முறுக்குவார். மறுநாள் மாற்றாமல் போனதற்குக் காரணம் இருந்தது. அந்த வாரம்தான் விரல்கள் நசுங்கின. அதற்குப் பிறகு அந்தப் பெட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை.

பிறகு அவர் பின்மூடியைக் கழற்றி உள்ளே சோதித்தார். ஆறு ஆண்டு சும்மா கிடந்ததில் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பெரிய கண்டன்சர் ஒன்று கெட்டு, ஷார்ட் ஆகியிருந்தது. சரியான ஃப்யூஸ் இருந்திருந்தால் நொடியில் அறுந்து, பெட்டி பிழைத்திருக்கும். வெள்ளித்தாள் அறுந்துபோகவில்லை. டிரான்ஸ்பார்மரில் மீட்டரை வைத்தார், முள் அசையவில்லை. உள்ளே கம்பி அறுந்திருந்தால்தான் அப்படி. ஒயர்களை மாற்றி வைத்தார். மீட்டரைத் தட்டினார். பாட்டரியை மாற்றினார். முள் அசையவேயில்லை.

வெள்ளிக்கிழமை காலை டிரான்ஸ்பார்மரைக் கழற்றி, அதற்குக் கம்பிச்சுருள் சுற்றித் தரும் அக்காவிடம் கொண்டுபோனார். ஊரில் அந்த வேலையை ஒழுங்காகச் செய்பவர் அவர் ஒருவர்தான். அக்கா அதை மூக்கருகே பிடித்து முகர்ந்தார்.

"பொணம்."

"உள்பக்கத்துல ஒரு சேஃப்டி ஃப்யூஸ் வெச்சிருப்பான்க்கா சில மாடல்ல. அது மட்டும் போயிருந்தா..."

அக்கா பிளேடால் மேல்தாளை உரித்துக் காட்டினார். உள்ளே கம்பி கரிக்கட்டையாக இருந்தது.

"மொத்தமாப் பிரிச்சு, தகட்ட ஒண்ணொண்ணாக் கழட்டி, புதுசா சுத்தணும். வார்னிஷ் காயணும். பத்து நாள்."

"நாளைக்குச் சாயங்காலம் வேணும்க்கா."

"கோழிக்கே ஒரு முட்டைக்கு ஒரு நாள் குடுக்கணும். என்னாச்சு, வெள்ளித்தாளா?"

அவர் அதை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினார். திரும்பும் வழியில் தெருவில் இருந்த இரண்டு கடைகளிலும் நின்று, அதே அளவில் ஏதாவது கிடக்கிறதா என்று கேட்டார். பொருந்துகிற மாதிரி ஒன்று கிடைத்தது. வீட்டுக்கு வந்து ஓட்டைகளின் இடைவெளியை மூன்று தடவை அளந்தார். மின்னழுத்தம் பாதிகூட வராது என்பது முதல் தடவையிலேயே தெரியும். அளப்பதை நிறுத்தினால் பிறகு செய்ய என்ன இருக்கிறது?

மதியம் மைத்துனன் வந்தான். காலிப் பெட்டி மேசைமேல் திறந்து கிடந்தது.

"ஆகாதா மாமா?"

"பத்து நாள்ங்கறாங்க. நான் வேற ஆம்ப் ஒண்ணு ஏற்பாடு பண்றேன் மாப்ள. வால்வு இல்லாத டிரான்சிஸ்டர் செட்டு, சத்தம் கொஞ்சம் வறண்டு இருக்கும், ஆனா..."

"வேணாம் மாமா. இது இல்லாம எனக்கு வராது." அவன் தோள்கள் மெல்ல இறங்கின. இரண்டு நாளாக அவன் முகத்தில் இருந்த இறுக்கம் போய்விட்டது. "விடுங்க. நீங்க என்ன பண்ணுவீங்க, உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

உள்ளே பாத்திரம் ஒன்று ஓசையுடன் வைக்கப்பட்டது. ஒற்றைக்கை இடது கையைப் பைக்குள் செருகினார். பெட்டியில் மின்சாரமே இல்லை.

சனிக்கிழமை குழு நான்கு பேருடன் வாசித்தது. மைத்துனன் மண்டபத்தில் ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான். நன்றாகக் கைதட்டினான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

பன்னிரண்டாவது நாள் கம்பி சுற்றும் அக்கா டிரான்ஸ்பார்மரை அனுப்பிவைத்தார். ஒற்றைக்கை புதிய கண்டன்சர் போட்டு, ஒயர்களை ஒவ்வொன்றாகப் பற்றவைத்து, சரியான அளவில் புது ஃப்யூஸ் செருகினார். முதலில் சோதனைப் பலகையின் வழியாக மின்சாரம் கொடுத்தார். குண்டு பல்பு பிரகாசமாக எரிந்தால் இன்னும் ஷார்ட் இருக்கிறது என்று பொருள். அது ஒருமுறை மின்னி மங்கியது. பிறகு நேராகச் சுவர் ப்ளக்கிலேயே செருகினார். சிவப்பு விளக்கு வந்தது. வால்வுகளுக்குள் ஆரஞ்சு நிறம் மெல்ல ஊறியது. ஒலிபெருக்கியில் மெலிதான இரைச்சல்.

மனைவி ஈரக்கையோடு வாசற்படிக்கு வந்துவிட்டாள். "வந்துடுச்சா!"

அந்த நேரம்தான் கைப்பேசி அடித்தது. மைத்துனன். டைல்ஸ் கடையின் சத்தம் பின்னால் கேட்டது. குரலில் அந்தப் பழைய இறுக்கம் திரும்பியிருந்தது.

"என்ன மாமா, எங்கக்கா சொன்னா, இன்னிக்குப் போட்டுப் பாக்கறீங்களாமே. உயிர் வந்துச்சா?"

ஒற்றைக்கை வால்வுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இல்ல மாப்ள," என்றார். "வரல. இனிமே வராது."

கைப்பேசியை வைத்தார். சுவிட்சை அணைத்தார். வால்வுகள் குளிரும்வரை காத்திருந்து, ஃப்யூஸ் மூடியைத் திருகி, புது ஃப்யூஸை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஏங்க," என்றாள் மனைவி. "என்னங்க இது? ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"அந்தப் பின்மூடிய எடு," என்றார் அவர். "ஆறு ஸ்க்ரூ இருக்கணும், எண்ணிக்கோ."