தலைமாட்டில் ஒரு மாவு மில்

என் வீட்டுக்காரருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது. அதற்காக ராத்திரி முழுக்க ஒரு மெஷினை மூக்கில் மாட்டிக்கொள்கிறார். அது இல்லாமல் அவர் தூங்கக் கூடாது. அது இருந்தால் அந்தச் சத்தத்தில் என்னால் தூங்க முடியாது.

ஒரே ஒரு நாள் நிம்மதியாகத் தூங்கலாம் என்று இன்று காலை கடலூரிலிருந்து சிதம்பரம் அம்மா வீட்டுக்கு வந்தேன். மதியம் அவர் போனில் கடலூரில் கரண்ட் இல்லை என்றதும், "இங்க கரண்ட் கட்டே இல்லீங்க" என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன்.

சாயங்காலம் வாசலில் அவர் நிற்கிறார். தோளில் மெஷின் பை.

"அங்க கரண்ட் எப்ப வரும்னே தெரியல. அதான் பஸ் ஏறிட்டேன்."

அம்மாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "வாங்க மாப்ள! பிளக் பாயிண்ட் இவ தலைமாட்டுலயே இருக்கு."

கரண்டே வராத ஊரில் யாருக்காவது வீடு இருந்தால் சொல்லுங்கள். கொசுச் சத்தம் எனக்குப் பரவாயில்லை.