எடை குறையவில்லை

வேதியியல் பேராசிரியர் ஜரீனா காலமாகிவிட்டார் என்று அவருடைய தம்பி தொலைபேசியில் சொன்னபோது, நான் தியாகதுருகத்தில் கள்ளக்குறிச்சி பேருந்துக்காக நின்றிருந்தேன். நம்பவில்லை. உடம்பு தேறிவருகிறது என்று இரண்டு நாள் முன்புதான் சொல்லியிருந்தார்கள். பேருந்தில் ஏறியதும் அவர் வீட்டுக்கு அழைத்து இன்னொருவரிடம் விசாரித்தேன். அதே பதில். ஒருமுறை எடுத்த அளவை ஒருபோதும் நம்பாதவர் அவர். நான் மறுபடி கேட்டதை அவர் தப்பாக நினைத்திருக்க மாட்டார்.

கள்ளக்குறிச்சி கடைவீதியில் ஜவுளி வியாபாரம் செய்த குடும்பம். அவர் மட்டும் இரண்டு திரவங்களைக் கலந்தால் என்ன ஆகிறது என்று பார்ப்பதிலேயே வாழ்நாளைச் செலவிட்டார். மெல்லிய கண்ணாடிக் குழாயில் கலவையை இறங்கவிட்டு நேரம் குறிப்பார். தண்ணீர் சட்டென்று இறங்கும். ஸ்பிரிட், அதாவது ஆல்கஹால், கொஞ்சம் பிந்தும். இரண்டும் கலந்ததோ அந்த இரண்டையும்விட வெகுநேரம் எடுக்கும்.

"மூலக்கூறுங்க ஒண்ண ஒண்ணு பிடிச்சிக்கினு இருக்கு சார், எப்படி வேகமா போவும்?" என்பார்.

நான் அதே கல்லூரியில் தாவரவியல் ஆசிரியன். ரசாயன அறைக்கும் பொறுப்பு. செடிகளைப் பதப்படுத்த ஐந்து லிட்டர் ஸ்பிரிட்டில் ஐந்து லிட்டர் தண்ணீர் கலக்கும்படி ஆய்வக உதவியாளர் கொளஞ்சியிடம் ஒருநாள் சொன்னேன். மாலையில் கேனில் இருந்ததை அளந்து பார்த்தால் பத்து லிட்டர் இல்லை. முந்நூறு மில்லிக்கு மேல் குறைந்தது. மறுபடி அளந்தேன். அதே குறைவு.

கொளஞ்சிக்குக் கல்வராயன்மலையில் ஒரு சிற்றூர். தற்காலிக வேலை. மலையென்றால் சாராயம் என்று கீழே ஒரு பேச்சு உண்டு. மலைக்காரர், கையில் ஸ்பிரிட். எனக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை. அவரை அருகில் கூப்பிட்டு வாயை ஊதச் சொன்னேன். ஊதினார். வாடை எதுவும் இல்லை. வெளியே கொடுத்தனுப்பியிருப்பார் என்று முடிவு கட்டி, முதல்வருக்குப் புகார் எழுதினேன். மறுநாளோடு அவரை நிறுத்துவதாக இருந்தது.

விஷயம் கேள்விப்பட்டு, காலையில் முதல்வர் அறைக்கு ஜரீனா மேடம் ஒரு தராசோடு வந்தார். எங்கள் முன்னால் அரை லிட்டர் ஸ்பிரிட்டையும் அரை லிட்டர் தண்ணீரையும் அளந்து, தனித்தனியே எடை போட்டார். ஒன்றாக ஊற்றினார். பாத்திரம் சூடானது. ஆறும்வரை காத்திருந்து மறுபடி எடை போட்டார். ஒரு கிராம்கூடக் குறையவில்லை. அளவில் மட்டும் முப்பது மில்லிக்கு மேல் காணோம்.

"யாரும் எடுக்கல சார். ரெண்டும் இழுத்துக்கினு நெருங்கி உக்காந்துடுச்சி, எடம் கம்மியாச்சு. உங்க கேனுக்குப் பத்து மடங்கு போட்டுக்குங்க."

முதல்வர் புகாரைக் கிழித்துப் போட்டார். வெளியே வந்ததும், கொளஞ்சியை அவ்வளவு நம்பினீர்களா என்று கேட்டேன்.

"அவர நம்பி வரல. உங்க கணக்க நம்பாம வந்தேன்," என்றார். தராசை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, "அவரு மலையில இல்லாம கீழ்நாட்டு ஆளா இருந்தா வாய ஊதச் சொல்லியிருப்பீங்களா?" என்றார்.

கொளஞ்சியிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்கிறேன் என்றேன், கேட்கவில்லை. வேலை தப்பியதே, அது போதாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொளஞ்சி அதன்பின் நான் பக்கத்தில் நிற்காமல் ரசாயன அறைக் கதவைத் திறந்ததில்லை. மூடும்போது இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிவிட்டுப் போவார். பணி நிரந்தரமான பிறகும் அது நிற்கவில்லை. கல்லூரி திறக்கும் ஒவ்வொரு ஜூன் மாதமும், கேட்டாயிற்றா என்று மேடம் விசாரிப்பார். நான் பேச்சை மாற்றுவேன்.

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பின் மேடத்தின் அடக்கம். மலையிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்திருந்த கொளஞ்சி கபர்ஸ்தான் சுவரோரம் தனியாக நின்றிருந்தார். அருகில் போனேன்.

"கொளஞ்சி, அன்னிக்கு நான் செஞ்சது தப்பு. மன்னிச்சிடுங்க."

அவர் என் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். இதற்குப் பின்னால் வேறென்ன இருக்கிறது என்று தேடுகிற பார்வை.

"நீங்க ஒரு நாளு கேப்பீங்கன்னு மேடம் சொல்லிக்கினே இருந்தாங்க சார். நான்தான் நம்பல."

அடக்கம் முடிந்து, கைகளில் ஒட்டிய மண்ணைத் தட்டியபடி எல்லோரும் வெளியே வந்தார்கள். நாங்கள் இருவரும் ஒதுங்கி வழிவிட்டோம். கடைசி ஆளும் போனபின் இருவருமாக உள்ளே போய், ஈரம் காயாத அந்த மண்ணருகே நின்றோம்.

அமைதியாக உறங்குங்கள், மேடம்.