ராட்சதப் பல்லியின் பல்

மாயாபந்தரில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் அப்பாவின் பல்லைப் பார்க்காமல் திரும்ப முடியாது. அவர் வாயிலிருந்த பல் அல்ல. அரியலூர்ப் பக்கத்து ஓடைக்கரையில் மண்ணுக்குள் கிடந்தது. என் உள்ளங்கையைவிட நீளம், கல்லாகிப்போனது, ஓரமெல்லாம் அரம்போல் சொரசொரப்பு. கப்பலேறி இந்தத் தீவுக்கு மரம் அறுக்கும் மில் வேலைக்கு வருமுன், எலும்பு சேகரிக்க வந்த பட்டணத்துக்காரர்களுக்காக அப்பா ஊரில் குழி தோண்டியிருக்கிறார். ஆனையையே அடித்துத் தின்கிற பல்லி என்று பக்கத்து வீட்டு வங்காளிகளிடம் இந்தியில் விளக்குவார். கேட்டால், அதை அவரே அடித்துப் போட்டதுபோல் இருக்கும்.

அம்மா அந்தப் பல்லைத் தொட்டதே இல்லை. அப்பா அதை எடுத்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். பயம் என்று நினைத்திருந்தேன்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். தீவின் பாறைகளை ஆராய மெயின்லாண்டிலிருந்து ஓர் ஆபீசர் வந்தார். தமிழ் ஒரு சொல் தெரியாது. பல்லைப் பற்றிக் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்துவிட்டார். பூதக்கண்ணாடியில் பார்த்தவர் முகம் மலர்ந்தது. வேட்டையாடித் தின்னும் பெரிய டைனோசருடையது, மியூசியத்தில் வைக்க வேண்டியது, எடுத்தவர் பெயரையும் எழுதி வைப்போம் என்றார்.

"கிஸ்னே நிகாலா?" யார் எடுத்தது என்று கேட்டார்.

"மைனே, சாப்," என்று அப்பா பல்லைக் காட்டித் தன் நெஞ்சில் தட்டிக்கொண்டார். நான்தான்.

அடுப்படி வாசலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. வெளியாள் முன் அவள் பேசி நான் கேட்டதில்லை.

"எடுத்தது எந் தம்பி. பயமா இருக்கு மச்சான்னு சொன்னவன இவருதான் குழிக்குள்ள எறக்குனாரு. மண்ணு சரிஞ்சு மூடிருச்சு. இத அவன் கையிலேர்ந்துதான் பிரிச்சு எடுத்தாங்க."

ஆபீசர் அப்பாவின் பக்கம் திரும்பினார். "க்யா போல் ரஹீ ஹை?" என்ன சொல்கிறாள் என்று கேட்டார்.

அப்பா சிரித்தார். "சாய் பியேங்கே க்யா, பூச் ரஹீ ஹை, சாப்." டீ குடிக்கிறீர்களா என்று கேட்கிறாளாம்.

"ஜரூர், ஜரூர்," கட்டாயம் என்று ஆபீசர் அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார்.

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அம்மா ஒன்று சொல்ல, அப்பா வேறொன்று சொல்லி எவ்வளவு சாமர்த்தியமாகச் சமாளித்துவிட்டார்! அம்மா என்னையே பார்த்தாள். நான் சிரித்து முடிக்கும்வரை பார்த்தாள். பிறகு உள்ளே போய் டீ போட்டாள்.

ஆபீசர் குடித்துவிட்டு, அப்பாவின் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டு, பல்லைப் பஞ்சில் சுற்றி எடுத்துப் போனார்.

அந்த வீட்டில் இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் அப்பாவும் நானும் மட்டும்தான். அம்மா எதற்காக என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.