எனக்கு மட்டும் முடியாத தவக்காலம்

எனக்கும் அக்காவுக்கும் ஒன்றரை வயதுதான் வித்தியாசம். ஒரே அறை, ஒரே பள்ளி வேன், ஒரே குழம்புச் சட்டி. அவள் ஒல்லி, நான் குண்டு. விருந்தாளிகள் கேட்கும் முன்பே அம்மா சொல்லிவிடுவாள்: "பெரியவ என்னைய மாதிரி. சின்னவ அப்படியே அவ அத்தை ஒடம்பு."

ஆவூர்ப் பக்கம் எங்கள் கத்தோலிக்க வீடுகளில், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் வந்தால் ஆளுக்கு ஓர் ஒறுத்தல் எடுக்க வேண்டும். பிடித்த ஒன்றை ஆண்டவருக்காக விடுவது. அக்கா மிட்டாயை விட்டாள். நான் ஏழாம் வகுப்பு படித்த வருடம், எனக்கானதை அம்மாவே தேர்ந்தெடுத்தாள்: இரவில் சோறு கிடையாது, மோர் மட்டும். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை பிசகாமல் இருந்தேன். ஆனாலும் ஈஸ்டருக்குத் தைத்த சுடிதாரின் பக்கத் தையலை டெய்லர் பிரித்துவிட வேண்டியிருந்தது.

"யாருக்கும் தெரியாம எடுத்துத் திங்கிறியா?"

"இல்லம்மா."

"பொய் சொன்னா பாவம்டி. போயி ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வா."

செய்யாத திருட்டை எப்படிச் சொல்வது? கோவிலில் ஃபாதர் முன் முழங்காலிட்டபடி யோசித்து, உண்மையாகவே என்னிடம் இருந்த பாவத்தைச் சொன்னேன்.

"அக்கா மேல பொறாமையா இருக்கு, ஃபாதர்."

"எதுக்கும்மா?"

"அவளுக்குப் பசிக்கவே மாட்டேங்குது."

ஃபாதர் பரிகாரமாக மூன்று முறை அருள்நிறை மரியே செபத்தைச் சொல்லச் சொன்னார்.

ஈஸ்டர் அன்று வீடே பிரியாணி சாப்பிட்டது. என் தட்டில் ரசம் சோறு. "ஒனக்கு இன்னும் தவக்காலம் முடியல" என்றாள் அம்மா. அக்கா பாதித் தட்டில் "போதும்மா" என்றாள். அவளது இடுப்பு, அவளது பாவாடை, எல்லாவற்றையும்விட அந்தப் "போதும்" மேல்தான் எனக்குப் பொறாமை. அது எனக்குள் ஒருநாளும் தானாக வந்ததில்லை.

திருச்சியில் உயிரித் தொழில்நுட்பம் படித்தபோதுதான் அதற்கு விளக்கம் கிடைத்தது. உடல் பருமனில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. பெரும்பாலும் ஒரு மரபணு அல்ல, பல மரபணுக்கள், ஒவ்வொன்றும் சிறிதாகத் தள்ளுபவை. அவற்றில் பல மூளையில் வேலை செய்கின்றன: எப்போது பசிக்க வேண்டும், எப்போது வயிறு நிறைந்ததாகத் தோன்ற வேண்டும். சாப்பாடும் தூக்கமும் ஓட்டமும் கணக்கில் வரும். ஆனால் எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து தொடங்குவதில்லை. ஒரே அப்பா அம்மாவிடமிருந்து அக்காவுக்கு ஒரு கலவை, எனக்கு ஒரு கலவை.

அம்மாவிடம் பொறுமையாக விளக்கினேன்.

"அப்ப நான் பெத்ததுதான் தப்புங்கிறியா?"

"இல்லம்மா. அன்னைக்கி நான் திருடித் திங்கலன்னு சொல்றேன்."

"அதெல்லாம் இப்ப எதுக்கு" என்று எழுந்து போய்விட்டாள். அத்தை உடம்பு என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் அவள்தான். அந்த உடம்போடு அத்தையின் பசியும் வந்திருக்கும் என்பதை மட்டும் நம்பவில்லை.

இந்த மே விடுமுறைக்கு அக்கா தன் மகளோடு வந்திருந்தாள். எட்டு வயது. என் கன்னம், என் கை, என் தட்டு.

"ரெண்டு தடவ வாங்கிட்டீல்ல, எந்திரி" என்றாள் அம்மா.

"இன்னும் பசிக்குது அம்மாச்சி."

"பொய்யி."

அக்கா நிமிர்ந்தாள். "பசிக்குதுன்னா பசிக்குதும்மா, அதுல என்ன பொய்யி? அவ சித்தி மாதிரி. காய் வைங்க, முட்டை வைங்க. பட்டினி மட்டும் போடாதீங்க."

அம்மா பேத்தியின் தட்டில் ஒரு முட்டையை வைத்தாள்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டேன், ஒரு வாய்ச் சோறு விழுங்கும் நேரம். அதற்குள் அந்தச் சின்னப் பெண் மேல் பொறாமை வந்துவிட்டது. அவளுக்காக இதைச் சொல்ல ஓர் ஆள் இருக்கிறது.

"எனக்கும் பசிக்குதும்மா" என்றேன்.

அம்மா கரண்டியோடு என்னையே பார்த்தாள்.

"ஒனக்குச் சின்னதுலேருந்தே அப்படித்தானடி" என்றாள். என் தட்டில் இரண்டு முட்டை வைத்தாள்.