துணி கட்டிய மரங்கள்

என் தங்கையை எந்த வீட்டில் கொடுத்தோமோ, அந்த வீட்டு மூத்த பெண்தான் ஊசி. தங்கைக்கு நாத்தனார். அதோடு நிற்கவில்லை, அவள் அம்மாவும் என் மாமியாரும் அக்கா தங்கை மக்கள். ஆக எனக்கு அவள் இரண்டு பக்கமும் சொந்தம். இரண்டு பக்கமும் சொந்தமென்றால் இரண்டு பக்கமும் திட்டு வாங்கலாம் என்று அர்த்தம்.

தையல்காரி என்பதால் அந்தப் பேர் வந்தது என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். இல்லை. அவள் மிஷினில் உட்கார்வதற்கு முன்பே வந்த பேர் அது. வாயைத் திறந்தால் குத்தும். அளவெடுக்கும்போதே, "போன தடவைக்கு இப்ப ரெண்டு விரல் கூடியிருக்கு, சட்டையைப் பெரிசாக்கவா, சாப்பாட்டைக் குறைக்கறீங்களா?" என்று கேட்பாள். ஆனாலும் எல்லாரும் அவளிடமே தைக்கக் கொடுத்தார்கள். அவள் போட்ட தையல் பிரிந்து யாரும் பார்த்ததில்லை.

கடை என்றால் ஒரு ஷட்டர். ஒரு பக்கம் சாவி போடுகிறவர், இன்னொரு பக்கம் போட்டோ ஸ்டுடியோ. ஷட்டரைத் தூக்கினால் எதிரே ரோடு. ரோட்டின் இரண்டு பக்கமும் அத்தி மரங்கள். அந்தப் பக்க வரிசைக்குப் பின்னால் சதுப்பு. கோரையும் சேறும் நாரையுமாக அது பாட்டுக்குக் கிடக்கும். அதைப் பற்றி ஊசி ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. கொசு, நாற்றம், துணியெல்லாம் ஈரம் கோத்துக்கொள்கிறது என்றுதான் புலம்புவாள்.

பஸ் டிப்போ கட்டுவதற்காகச் சதுப்பில் பாதியை மூடினார்கள். அடுத்து வந்த மழையில் தண்ணீருக்குப் போக இடமில்லை. கடைக்குள் வந்தது. மிஷின் மோட்டார் முழுகியது. தைக்கக் கொடுத்த துணிகள் மிதந்தன. ஊருக்கெல்லாம் புதுத் துணி வாங்கித் தந்து சரிக்கட்டினாள். அன்றைக்குத்தான் அவள் சதுப்பைத் திரும்பிப் பார்த்தாள். "இவ்வளவு நாளும் அது நம்ம தண்ணியைக் குடிச்சிக்கிட்டு இருந்திருக்கு, நான் அதைத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்" என்றாள்.

பிறகு ரோட்டை அகலப்படுத்தப் போகிறோம் என்று வந்தார்கள். இரண்டு பக்க மரமும் போகும், மிச்சச் சதுப்பில் மண் கொட்டுவார்கள். தெருவில் ஒரு குழு சேர்ந்தது. ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் தலைவர். பேக்கரிக்காரர், சாவிக்காரர், ஸ்டுடியோக்காரர் எல்லாரும் அதில் உண்டு. ஆனால் மைக் பிடித்தால் கூட்டம் கலையாமல் நின்றது ஊசி பேசினபோதுதான்.

அந்த மைக்கில்தான் வினை வந்தது. ஒரு கூட்டத்தில் அவளுக்கு ஆவேசம் வந்து, "மரம் வெட்டறவனுங்களுக்கு என்ன? கூலி குடுத்தா பெத்தவ காலைக் கூட வெட்டுவானுங்க" என்று சொல்லிவிட்டாள். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. கூட்டத்தின் கடைசியில் கைதட்டாமல் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். என் தங்கை புருஷன். ஊசியின் கூடப் பிறந்த தம்பி. பிழைப்புக்கு மரம் வெட்டுகிற மோட்டார் ரம்பம் பிடிக்கிறவன். அந்த ரோட்டுக் காண்ட்ராக்டரிடம்தான் வேலை. அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். அன்றிலிருந்து அக்கா கடைப் பக்கம் அவன் சைக்கிள் நிற்கவில்லை.

குழு கோர்ட்டுக்குப் போனது. ஒரு நாள் இன்ஜினியர் நேரில் வந்து பார்த்தார். கடைசியில் பேசி முடிவானது இது: கடைப் பக்க வரிசையை வெட்டிக்கொள்ளலாம். சதுப்புப் பக்க வரிசையை விசாரணை முடியும் வரை தொடக் கூடாது.

"ஆனா எனக்கு அடையாளம் வேணும்" என்றார் இன்ஜினியர். "அடையாளம் உள்ள மரத்தை விடச் சொல்றேன். அடையாளம் இல்லாததை வெட்டிட்டா என்கிட்ட வரக் கூடாது." அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

வாத்தியார் பெயின்ட் அடிக்கலாம் என்றார். ஊசிக்குப் பிடிக்கவில்லை. "அது உடம்புல எதுக்கு சார் பூசறீங்க? நான் துணி கட்டறேன்" என்றாள். பள்ளிச் சீருடை தைத்து மிஞ்சிய சிவப்புத் துணியை எடுத்தாள். பட்டை பட்டையாக வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, மரம் பருத்தாலும் இறுக்காதபடி விட்டுக் கட்டினாள். மரத்துக்குக் கட்டுகிற துணிக்கு யாராவது ஓரம் அடிப்பார்களா? கேட்டேன். "நூல் பிரிஞ்சு தொங்கினா யாருக்கு அசிங்கம்?" என்றாள். வரிசையாகச் சிவப்புப் பட்டையோடு மரங்கள் நின்றதைப் பார்க்க எங்களுக்கெல்லாம் நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதி ஒரு விடுமுறைக்கு முந்தின சாயங்காலம் வரைக்கும்தான்.

நான் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். என் தங்கை, தன் மகளுடைய பாவாடையை வாங்கிப் போக வந்தாள். புருஷன் பேசாவிட்டாலும் அவள் வந்து போய்க்கொண்டுதான் இருந்தாள். பாவாடையை மடித்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்:

"ஏன் அண்ணி, அந்தப் பக்க மரத்தையும் விட்டுக் குடுத்துட்டீங்களா?"

"யாருடி சொன்னா?"

"காலையில காண்ட்ராக்டரோட ஆளு ஒருத்தர் எங்க வீட்டுக்குக் கயிறு கேட்டு வந்தாரு. நாளைக்கு விடியக்காலையில வெட்டாம், துணியெல்லாம் ஏற்கெனவே கட்டி இருக்காம், வேலை சுலபம்னு சொல்லிட்டுப் போனாரே."

ஊசி மிஷினை நிறுத்தினாள். "துணி கட்டி இருக்கறது வெட்டக் கூடாதுங்கறதுக்குடி."

என் தங்கை முழித்தாள். "அண்ணி, துணி கட்டினாத்தானே வெட்டுவாங்க? பாசி பிடிச்ச மரத்துல பெயின்ட் ஒட்டாதுன்னு சூப்பர்வைசர் முன்னாடியே போய்ச் சிவப்புத் துணி கட்டிட்டு வந்துடுவாரு. பின்னாடி வர்ற ஆளுங்க துணியைப் பார்த்து அறுத்துக்கிட்டே போவாங்க. எங்க வீட்டுல பழைய துணியெல்லாம் அதுக்குத்தானே போவுது."

ஊசி எதிரே பட்டையோடு நின்ற மரங்களைப் பார்த்தாள். தன் கையாலேயே ஒவ்வொரு மரத்துக்கும் நாள் குறித்துவிட்டு வந்திருக்கிறாள், ஓரம் அடித்து.

இன்ஜினியருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆபீஸில் விடுமுறைக்குப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். குழுவைக் கூட்டினாள். கடைக்குள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"அவுத்துடலாம், வேற என்ன?" என்றார் பேக்கரிக்காரர்.

"அவுத்தா அடையாளம் இல்லாத மரம் ஆயிடும்" என்றார் வாத்தியார். "எழுதியே வாங்கியிருக்கோமே. சட்டப்படி வெட்டுவான்."

கட்டியிருந்தால் ஆட்கள் வெட்டுவார்கள். அவிழ்த்தால் காகிதம் வெட்டும்.

சாவிக்காரர் குரலைத் தாழ்த்தி, "ஆணி இருக்கு என்கிட்ட. மரத்துல அங்கங்க அடிச்சு விட்டா ரம்பம் பல்லு தெறிச்சிடும். ஒருத்தன் கிட்ட வர மாட்டான்" என்றார்.

"தெறிச்சு எங்க போவும்?" என்று கேட்டாள் ஊசி.

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார்.

"பிடிக்கிறவன் மூஞ்சிக்குத்தானே போவும்? நாளைக்கு ரம்பம் பிடிக்கப் போறது என் தம்பி. ஆணியை எடுத்துக்கிட்டு முதல்ல கிளம்புங்க." சொல்லிவிட்டு ஷட்டரை இழுத்து மூடினாள். என்னையும் தங்கையையும் பார்த்து, "வாங்க, தம்பி வீட்டுக்குப் போவலாம்" என்றாள். நடந்தாளா ஓடினாளா என்று சொல்ல முடியாது. நான் மூச்சு வாங்கப் பின்னாலேயே போனேன்.

தம்பி வீட்டில்தான் இருந்தான். பின்கட்டில் ஒழுகுகிற குழாயைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தான். அக்காவைப் பார்த்ததும் வா என்று சொல்லவில்லை. "செருப்பை வெளியில விடு, இப்பதான் தரை துடைச்சேன்" என்றான்.

செருப்பை விட்டாள். "நாளைக்கு அந்த மரத்தை வெட்டாதடா."

"எந்த மரத்தை?"

"நான் துணி கட்டினது. தெரியாத மாதிரி கேக்காத."

"நான் வெட்டலயே."

"நீ வெட்டாம உங்க காண்ட்ராக்டரா ரம்பத்தைத் தூக்கப் போறான்?"

"வெளியூர் ஆளுங்களைக் கூட்டிட்டு வந்திருக்கான். நான் வேலையை விட்டாச்சு" என்று குழாயைப் பார்த்துச் சொன்னான்.

ஊசி என் தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். "சொல்லக் கூடாதுன்னுட்டாரு அண்ணி. நீங்க மைக்ல பேசின மறுநாளே விட்டுட்டாரு. பாப்பாகிட்ட பள்ளிக்கூடத்துல யாரோ கேட்டிருக்காங்க, உங்க அத்தை சொன்னது உங்க அப்பாவைத்தானான்னு."

ஊசி அப்படியே குழாயடியில், ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்காமலே, "நீ வேலையில இருந்திருந்தா எது எந்தப் பக்கம்னு உனக்காவது தெரிஞ்சிருக்கும்" என்றாள்.

"வெட்டினாலும் நான் கெட்டவன். இப்ப வெட்டாம இருக்கறதுக்கும் நானே வேணுமா?" அவன் சிரித்தமாதிரிதான் கேட்டான். ஆனால் சிரிப்பில்லை.

"வேற ஏதாவது அடையாளம் சொல்லுடா. வெட்டக் கூடாத மரத்துக்கு உங்க ஆளுங்க என்ன போடுவாங்க? இப்பவே போய்ப் போடறேன்."

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "எங்க தொழில்ல அதுக்கு அடையாளமே கிடையாதுக்கா. வெட்டறதுக்கு மட்டும்தான் அடையாளம்."

சூப்பர்வைசருக்கு அவனே போன் போட்டுப் பார்த்தான். எடுக்கவில்லை. குழாயை மாட்டிவிட்டுக் கையைத் துடைத்தான். "காலையில வர்றேன். நீ அழுது கூட்டத்தைக் கூட்டாத."

"நான் எங்கடா அழுதேன்?"

"மூக்கைத் துடை."

விடிகிற நேரத்துக்கு நாங்கள் கிளம்பினோம். அவன் முன்னால், ஊசி அவன் பின்னால், நானும் தங்கையும் கடைசியில். ரோடு திரும்புவதற்கு முன்பே ரம்பத்தின் சத்தம் கேட்டது. ஊசியின் செருப்பு ஒன்று கழன்றது, எடுக்க நிற்கவில்லை.

கடைசியில் நின்ற மரம் விழுந்து கிடந்தது. பாதி ரோட்டில், பாதி தண்ணீரில். கோரையெல்லாம் அமுங்கி, சேறு கலங்கி, நாரைகள் மேலே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன. அடிமரத்தில் சிவப்புத் துணி அப்படியே இருந்தது. ஒருவன் அடுத்த மரத்தில் ரம்பத்தை வைத்துவிட்டான்.

ஊசி கத்தினாள். நானும் கத்தினேன். அந்தச் சத்தத்தில் எங்கள் சத்தம் எங்கே கேட்கும்? தம்பி கத்தவில்லை. ரம்பக்காரன் கண்ணில் படுகிற இடத்துக்குப் போய் நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்காக வைத்தான். காது கேட்காத இடத்தில் அவர்களுக்கு அதுதான் பேச்சு. ரம்பம் நின்றது.

சூப்பர்வைசர் லாரியிலிருந்து இறங்கி வந்தார். "நீதான் வேலை வேணாம்னு போனியே, இங்க என்ன?"

"இந்தத் துணி வெட்டறதுக்கு இல்லைங்க. விடறதுக்கு."

"துணி கட்டினா என்னன்னு உனக்குத் தெரியாதா?"

"நீங்க கட்டினா அது. இது எங்க அக்கா கட்டினது."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"ஓரம் அடிச்சிருக்கு பாருங்க. நீங்க என்னைக்கு ஓரம் அடிச்சுக் கட்டினீங்க?"

வெளியூர் ஆட்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். சூப்பர்வைசருக்கு எல்லாம் முன்பே தெரியுமோ என்னவோ, அது அவருக்கே வெளிச்சம். ஊசி இன்ஜினியர் எழுதிக் கொடுத்த காகிதத்தை நீட்டினாள். அவர் அதைப் பார்த்தமாதிரியும் பார்க்காதமாதிரியும் மடித்துக் கொடுத்தார். பிறகு தம்பியைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்றாலும் எங்கள் காதில் விழுகிற தூரம்தான்.

"இவங்களுக்குக் கடைப் பக்க மரம் எப்படிச் சாயும்னு தெரியல. கரண்ட் கம்பி மேல தள்ளிடுவானுங்க போல இருக்கு. நீ கடைப் பக்கத்தை இன்னிக்கே முடிச்சுக் குடு. இந்தப் பக்கம் நாளைக்கு ஆபீஸ் திறக்கற வரைக்கும் நிறுத்தி வைக்கறேன். முடியாதுன்னா நான் என் வேலையைப் பார்க்கறேன்."

தம்பி அக்காவைப் பார்த்தான். கடைப் பக்க மரங்கள் அவள் கடைக்கு நிழல் தருகிறவை. குழு அவற்றை விட்டுக்கொடுத்தது காகிதத்தில்தான். அவளுக்கு மனசு வரவே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

"வெட்டு" என்றாள். பிறகு, "கம்பியைப் பார்த்துக்க" என்றாள்.

அவன் ரம்பத்தை வாங்கினான். ஸ்டுடியோ வாசலில் நின்ற மரம் முதலில் சாய்ந்தது. அப்புறம்தான் குழு ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். விழுந்து கிடக்கிற மரமும் ரம்பத்தோடு நிற்கிற தம்பியும்தான் அவர்கள் கண்ணில் பட்டது. பேக்கரிக்காரர், "பாத்தீங்களா உங்க தம்பி வேலையை? நேத்து ஆணி அடிச்சிருக்கணும்" என்றார்.

ஊசி சதுப்புப் பக்க மரத்தடியில் வெறுங்காலோடு நின்றிருந்தாள். "ஆமா, என் தம்பி வேலைதான். நீங்க நின்னு பேசறீங்களே ஒரு நிழல், அது அவன் நிறுத்தி வெச்சது" என்றாள். அவர் நகர்ந்து வெயிலுக்குப் போனார்.

சாயங்காலம் வரை அவள் உட்காரவில்லை. ஒவ்வொரு மரம் சாயும்போதும் கண்ணை மூடுவாள். சத்தம் அடங்கியதும் திறந்து, முதலில் தம்பி நிற்கிறானா என்று பார்ப்பாள்.

மறுநாள் இன்ஜினியர் வந்தார். விழுந்த மரத்தைப் பார்த்து சூப்பர்வைசரைச் சத்தம் போட்டார். சதுப்புப் பக்கத்தைச் சுற்றித் தடுப்பு வைத்தார். விசாரணை தள்ளிப் போயிற்று. பிறகும் தள்ளிப் போயிற்று. மரங்கள் இன்னும் நிற்கின்றன. எத்தனை நாளைக்கு என்று கேட்டால் வக்கீலே கையை விரிக்கிறார். லாரி சத்தம் கேட்டால் ஊசி மிஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறாள். அது தாண்டிப் போன பிறகுதான் அடுத்த தையல்.

தம்பி மறுபடி அந்த வேலைக்கே போகிறான். விளக்கு வைக்கிற நேரத்தில் தினமும் அக்காவுக்குப் போன் போட்டு, "நாளைக்கு உன் பக்கம் இல்ல" என்பான். அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கும். போன வாரம் ஒரு நாள் அந்தப் போன் வரவில்லை. அவள் போட்டாலும் போகவில்லை. தட்டில் கை வைக்காமல் எழுந்து, பாதி தைத்த சட்டையை எடுத்துக்கொண்டு தடுப்புக்குள் புகுந்து, மரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். நான்தான் தங்கை வீட்டுக்கு ஆள் அனுப்பினேன். அவன் சைக்கிளில் பறந்து வந்தான்.

"சார்ஜ் இல்லக்கா" என்றான்.

"சார்ஜ் இல்லையாம்! ஏன்டா, ஒரு மனுஷி உயிரைக் கையில பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கா, உனக்கு சார்ஜ் இல்ல?"

"சரி, திட்டினது போதும், எந்திரி."

"நாளைக்கு எங்க வேலை? அதைச் சொல்லு முதல்ல."

"எங்கேயோ. இங்க இல்ல."

"எங்கேயோன்னா? அங்க இருக்கறவங்களுக்குத் தெரியுமா, நாளைக்கு அவங்க மரம் போவுதுன்னு?"

அவன் சைக்கிளைத் திருப்பினான். அவள் அவனையே பார்த்துக்கொண்டு எழுந்து நின்றாள்.