பத்துக் கோடியே ஒன்று

கணக்கு டீச்சருக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டு காத்திருப்பாள். பள்ளிக்கூடத்தில் பாதிப் பேருக்கு இது தெரியாது. கட்டைக்குரல் சாருக்குச் சுத்தமாகத் தெரியாது.

அவனும் கணக்கு வாத்தியார்தான். மரியாதை என்ன வேண்டிக்கிடக்கிறது அவனுக்கு? வருஷக்கணக்காகப் பன்னிரண்டாம் வகுப்பு டீச்சர் கையில் இருந்தது. கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவளுக்கு அந்த வகுப்புதான் உயிர். "டீச்சருக்குக் கை மெதுவாயிடுச்சு மேடம், பசங்க தூங்கறாங்க" என்று தலைமையாசிரியையின் காதில் ஓதி ஓதியே அதைத் தட்டிப் பறித்தான், படுபாவி. அவளை ஆறாம் வகுப்புக்குத் தள்ளினார்கள். அன்று வீட்டில் தங்கச்சி முன்னால் குமுறிக் குமுறி அழுதாள். அதற்கப்புறம் அழவில்லை.

பள்ளிக்குப் புது வாசல் கட்டினார்கள். அதில் ஒரு எண்ணைக் கல்லில் வெட்டலாமென்று யோசனை சொன்னவன் அவன்தான். 100000001.

"முதல்லயும் ஒன்னு, கடைசியிலயும் ஒன்னு, நடுவுல ஏழு சைபர். எதாலயும் வகுபடாது மேடம், பகா எண். நம்ம பள்ளி மாதிரியே, யாராலயும் பிரிக்க முடியாது!"

தலைமையாசிரியை பூரித்துப்போனாள்.

டீச்சர் பென்சிலை எடுத்தாள். அங்கே கணக்கு வாத்தியார்களுக்கெல்லாம் ஒரு பழக்கம்: இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று வரை வகுத்துப் பார்ப்பார்கள், அதோடு சரி. பரீட்சையில் வருகிற குட்டி எண்களுக்கு அது போதும். பத்துக் கோடிக்குப் போதுமா? அவள் அடுத்த படிக்குப் போனாள். பதினேழு. ஐம்பத்தெட்டு லட்சத்துச் சொச்சம் தடவை போயிற்று, மிச்சம் சைபர். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கல் தப்பித்திருக்கும். சொல்வாளா? வெட்டி முடிகிற வரை மூச்சுக் காட்டவில்லை.

திறப்பு விழாவில் பெற்றோரெல்லாம் கூடியிருக்க, அவன் மைக்கில் எண்ணின் பெருமையை அளந்துகொண்டிருந்தான். டீச்சர் எழுந்தாள்.

"சார், அதைப் பதினேழால கொஞ்சம் வகுத்துக் காட்டுங்களேன். நானே போடுவேன், எனக்குத்தான் கை மெதுவாச்சே."

கரும்பலகை பக்கத்திலேயே இருந்தது. வைக்கச் சொன்னவளே அவள்தான். அவன் அலட்சியமாகச் சாக்பீஸை எடுத்தான். பாதி வழியில் நிறுத்தி, போட்டதையெல்லாம் மேலிருந்து ஒருமுறை சரிபார்த்தான். கடைசிக் கழித்தலில் மிச்சம் ஒன்றுமில்லை. விவரம் புரியாத ஒரு அப்பா, கணக்குச் சரியாக வந்துவிட்டதென்று கைதட்டினார்.

தலைமையாசிரியை இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டாள்.

"டீச்சர், இது உங்களுக்கு எப்போ தெரியும்?"

"கல்லுல உளி படறதுக்கு முன்னாடியே மேடம்."

"தெரிஞ்சுமா ஊர் சிரிக்க விட்டீங்க? பன்னிரண்டாம் வகுப்பு இனி அவருக்கும் கிடையாது, உங்களுக்கும் கிடையாது. வெளியிலிருந்து ஆள் போட்டுக்கறேன்."

வீட்டில் தங்கச்சி தட்டை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"என்னக்கா, வகுப்பு திரும்பக் கிடைச்சிடுச்சா?"

"இல்லடி. இனிமே கிடைக்கவும் கிடைக்காது."

"ஐயோ! அப்புறம் எதுக்குக்கா சிரிக்கறே?"

"அவனுக்கும் இல்லடி!"

சொல்லிவிட்டு வயிறாரச் சாப்பிட்டாள். தங்கச்சிக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை.